ஐஸ் பையும் மண்ணெண்ணெய்க் குழாயும்

“உவன் என்ன செய்யிறான்? எஞ்சினுக்குக் காய்ச்சலோ?”

சித்தப்பா கண்ணால் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு இரண்டு கார் முன்னால், ஒரு பழைய கமாரோவின் பொனற்றைத் திறந்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரப் பொடியன் எஞ்சினின் உச்சியில் ஐஸ் பையொன்றைப் பக்குவமாகக் கிடத்திக்கொண்டிருந்தான். பெற்றோல் ஸ்ரேசன் வாசலில் பெட்டிக்குள் வைத்து விற்பார்களே, அதே பை.

2005 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். ஒன்ராறியோவில், ஹமில்ரனுக்குத் தெற்கே கையூகா என்ற சிற்றூர். ஊருக்கு வெளியே சோள வயல்களுக்கு நடுவில், கார்கள் நேர்கோட்டில் பந்தயம் ஓடும் ஒரு டிராக் பாதை. ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடி வந்திருந்தோம். வெயில் இறங்கவில்லை. வரிசையில் நின்ற கார்களின் தகரம் தொட்டால் சுட்டது.

நான் சித்தப்பாவுக்கு விளக்கினேன். அவன் ஐஸ் வைத்தது இன்ரேக் மனிபோல்டின்மேல், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் அலுமினியக் குழாய்த்தொகுதி அது. அது சூடாக இருந்தால் அதனூடாகப் போகிற காற்றும் சூடாகி ஐதாகிவிடும். குளிர்ந்த காற்று செறிவானது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் கூடுதலான காற்று, அதற்கேற்ப கொஞ்சம் கூடுதலான பெற்றோல், கொஞ்சம் கூடுதலான பலம். இரண்டு ஓட்டத்துக்கு இடையில் பத்து நிமிடம் ஐஸ் வைத்தால் கடிகாரத்தில் சிறு வித்தியாசம் தெரியும்.

சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“எடேய், நான் அஞ்சு வருசமா அதைச் சூடாக்கிறதுக்கெல்லோ பாடுபட்டனான்.”

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. அந்தச் சூடாக்கும் வேலைக்குக் குறடு எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. பற்றரி வருவதும் நின்றது. ரேடியோ கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவை மிதித்தோம். கொக்குவிலில் சித்தப்பாவின் கராச்சில் ஒரு ஒஸ்ரின் ஏ-40 நின்றது. 1953ஆம் ஆண்டுக் கார், 1200 சீசீ. உலகம் முழுவதும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்ட வண்டிகள் எங்கள் ஊரில் மட்டும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. பெற்றோல் இல்லாமல் போனபோதும் அவை நிற்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு மாறின.

மாறுவது என்றால் தாங்கிக்குள் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்புவதல்ல. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் முதலில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராற் பண்ண வேண்டும். சித்தப்பா பொனற்றுக்குள் ஒரு சிறு போத்தலைத் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் ஒன்றைக் கார்புரேற்றருக்கு இழுத்திருந்தார். சேலைன் ஏற்றும்போது துளிகளைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்ன உருளைதான் பெற்றோலுக்கும் வால்வு. எஞ்சின் சூடேறியதும் உருளையை நெரித்துப் பெற்றோலை நிறுத்தி மண்ணெண்ணெயைத் திறப்பார். அதுவும் நேரே போகாது. செப்புக்குழாயைப் புகைபோக்கி மனிபோல்டைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தார். அந்தச் சூட்டில் வெந்து இளகித்தான் மண்ணெண்ணெய் கார்புரேற்றருக்குப் போகும். காரை நிற்பாட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்னதாக மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் அடுத்த நாள் காலையில் தள்ளித்தான் பார்க்க வேண்டும், அதற்கும் அசையாது.

இதைவிடப் பெரிய தொல்லை நொக்கிங். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகவும் குறைவு. பிளக் பொறி தட்டிய பிறகு, சுவாலை வந்து சேருமுன்னமே, எஞ்சிய கலவை அமுக்கத்தின் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும். தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே ஒரு சத்தம், அது வரும். கவனிக்காமல் விட்டால் பிஸ்ரன் போய்விடும். அதற்குச் சித்தப்பாவின் வைத்தியம் இரண்டு. சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே ஒரு கஸ்கெற்றுக்குப் பதிலாக இரண்டைப் போட்டு அமுக்கத்தைக் குறைப்பது ஒன்று. டிஸ்ரிபியூற்றரைத் தளர்த்தி, பொறி தட்டும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது மற்றது. எவ்வளவு தள்ளுவது என்பதற்குக் கருவி கிடையாது. எஞ்சினை முறுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு நூல் திருப்புவார். மறுபடி கேட்பார். ஆக்சிலேற்றரை மிதிப்பது என் வேலை. கால் எட்டாது என்பதால் சீற்றின் நுனிக்குச் சரிந்துகொண்டு மிதிப்பேன்.

42 குதிரைவலு என்று புத்தகத்தில் போட்டிருந்த கார் அந்த வைத்தியத்துக்குப் பிறகு எத்தனை குதிரையில் ஓடியதோ தெரியாது. கண்ணெரியும் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு ஓடியது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் அளக்கும் குச்சியை இழுத்துப் பார்த்தால், குறைய வேண்டிய ஒயில் நாளுக்கு நாள் கூடியிருக்கும். அதைப் பார்ப்பது சித்தப்பாவுக்கு ஒரு காலைக் கடன். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது, அந்தக் கார்தான் அப்பம்மாவையும் இன்னும் மூன்று கிழவிகளையும் சுமந்து தென்மராட்சிக்குப் போனது. பிறகு அதை ஒரு மாமரத்தடியில் விட்டுவிட்டு வன்னிக்குப் போனார்கள்.

நான் 1997இல் கனடா வந்தேன். சித்தப்பா 1999இல் வந்தார்.

இருபத்திரண்டு வயதில் நான் வாங்கிய கார் 1990ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்ராங் எல்எக்ஸ். கறுப்பு. ஐந்து லீற்றர் வி-8 எஞ்சின், 225 குதிரைவலு, ஐந்து கியர், கையால் மாற்றுவது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து சேர்த்த காசு. அப்பா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவர் பயந்தது காசுக்காக அல்ல. அந்த நாட்களில் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தொழிற்பேட்டைத் தெருக்களில் இரவு இரவாகப் பொடியங்கள் ஓடினார்கள். எங்கள் பொடியங்களும் ஓடினார்கள். ஒரு செத்தவீட்டுக்கு நானே போய் வந்திருந்தேன். 2007இல்தான், தெருவில் பந்தயம் ஓடினாலோ எல்லைக்கு மேல் 50 கிலோமீற்றர் வேகத்தில் போனாலோ காரை அந்த இடத்திலேயே பறித்துக்கொள்ளும் சட்டம் ஒன்ராறியோவில் வந்தது.

அப்பா சித்தப்பாவிடம் முறையிட்டார். சித்தப்பா என்னை அழைத்துக் கேட்டது ஒரே கேள்வி.

“உனக்கு ஓடோணும். அவ்வளவுதானே? காசு குடுத்து ஓடுற இடம் இருக்கோ?”

இருந்தது. 2004 கோடையில் இரண்டு முறை தனியாகக் கையூகாவுக்குப் போனேன். கால் மைல், அதாவது 1320 அடி, மீற்றரில் 402. எல்லாவற்றையும் கிலோமீற்றரில் அளக்கும் இந்த நாட்டில், டிராக் பாதையில் மட்டும் அடியும் மைலும் சாகவில்லை. முதல் ஓட்டத்தில் 15.06 விநாடி. பின் ரயர்கள் புகை விட்டுச் சுழன்றனவே தவிரக் கார் நகரவில்லை. பக்கத்துப் பாதையில் நின்றது பிள்ளைகளின் இருக்கை பூட்டிய ஒரு குடும்பக் கார். அது என்னை வென்றது. அடுத்த தடவை 14.61. இந்தக் காரைச் சரியாக ஓட்டத் தெரிந்தவன் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பதினான்கரைக்குள் ஓட்டிவிடுவான் என்று அங்கே நின்ற ஒரு கிழவர் ஆறுதல்போலச் சொன்னார்.

இரண்டு சீட்டையும் கொண்டுபோய்ச் சித்தப்பாவின் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். புறப்படும் நேரம், 60 அடி, 330 அடி, அரைக்கால் மைல், கடைசி வேகம் என்று வரிசையாக எண்கள். “உது லாப் ரிப்போட் மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். அன்றிரவே பொனற்றைத் திறந்தார்.

முதலில் அவர் கை போனது டிஸ்ரிபியூற்றருக்கு. பழக்கம். ஆனால் இந்தக் கார் கணினியோடு வந்த கார். டிஸ்ரிபியூற்றர் பக்கத்துக் கம்பியில் ஸ்பவுற் என்றொரு விரல் நுனியளவு இணைப்பி இருக்கும். அதைப் பிடுங்கினால்தான் கணினி தலையிடாமல் அடிப்படை நேரத்தைப் பார்க்கலாம். ரைமிங் லைற்றைப் பிடித்தோம். கம்பனி வைத்தபடி பத்துப் பாகை. அதைப் பதினான்குக்குக் கொண்டுவந்தால், செலவில்லாமல் சில குதிரைகள் கிடைக்கும் என்பது இந்தக் காரை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு நிபந்தனை, பெற்றோல் நல்லதாக இருக்க வேண்டும். அப்போது ஒன்ராறியோவில் சனோக்கோ நிலையங்களில் 94 ஒக்ரேன் கிடைத்தது.

“94 எண்டால் எவ்வளவு நல்லது?”

“இதைவிட நல்லது தெருவில கிடையாது, சித்தப்பா.”

அவர் ஒன்றும் பேசாமல் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பினார். ஐந்து வருடம் பின்னுக்கே தள்ளிக்கொண்டிருந்த கை, இப்போது முன்னுக்குத் தள்ளியது. பதினான்கு என்று லைற் சொன்னதை அவர் நம்பவில்லை. பிரிம்லி வீதி தெற்கே ஏரிக்கரைக்கு இறங்கும் இடத்தில் செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. அந்த அடிவாரத்துக்குக் காரைக் கொண்டுபோகச் சொன்னார். ஜன்னலை இறக்கிவிட்டு, நாலாம் கியரிலேயே ஏறச் சொன்னார். எஞ்சின் திணற வேண்டும், அப்போதுதான் நொக் வாய் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பதினாறு வைத்து ஏறினோம், மெல்லியதாகப் பேணிக்குள் கல் குலுங்கியது. பதினான்கு வைத்து ஏறினோம், சத்தமில்லை. “லைற் சரி” என்றார், லைற்றுக்குச் சான்றிதழ் கொடுப்பவர்போல.

பிறகு குளிர்காலம் வந்தது. வேலை இல்லாத ஞாயிறுகளில் ஸ்கிராப் யார்ட் ஸ்கிராப் யார்ட்டாக அலைந்தோம். இந்த ஐந்து லீற்றர் எஞ்சினின் பலவீனம் அதன் சிலிண்டர் ஹெட்தான். கீழே எஞ்சின் நல்ல உறுதி, ஆனால் மேலே மூச்சுக்குழல் ஒடுக்கம். வால்வு சிறியது, காற்று போகும் துவாரம் ஒடுங்கியது. மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். புதிய அலுமினிய ஹெட் வாங்க ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆனால் ஃபோர்ட் இதே எஞ்சினை 1996இலிருந்து எக்ஸ்புளோரர் ஜீப்புகளிலும் போட்டது. அவற்றின் ஹெட் இரும்புதான் என்றாலும் நன்றாக மூச்சு விடும். ஜிரி-40, அதற்குப் பிறகு ஜிரி-40பி. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய், பனியில் சறுக்கி மோதிச் செத்த எக்ஸ்புளோரர்கள் யார்டுகளில் வரிசையாகக் கிடந்தன.

எது எந்த ஹெட் என்று அடையாளம் காண வழி உண்டு. வார்ப்பின் முனையில், கழற்றாமலே விரல் போகும் இடத்தில், நிமிர்ந்த கோடுகள் இருக்கும். மூன்று கோடு என்றால் ஜிரி-40. நாலு என்றால் பி. சித்தப்பா கையுறையைக் கழற்றிவிட்டு, மைனஸ் பன்னிரண்டு குளிரில், அழுக்குக்குள் விரலை விட்டுத் தடவுவார். “மூண்டு... இல்லை, நிண்டுகொள்... நாலு.” நாலுதான் எங்களுக்குக் கிடைத்தது. ஹெட் இரண்டும், அதன் இன்ரேக் மனிபோல்டும், இருநூற்றைம்பது டொலர். கழற்றிக்கொண்டு வருவது எங்கள் பாடு.

பி ஹெட்டின் எரியும் அறை பழையதைவிடச் சிறியது. அதனால் ஒன்பதுக்கு ஒன்று என்று இருந்த அமுக்கம் இன்னும் சற்று ஏறும். ஏறட்டும் என்பதற்குத்தான் போடுகிறோம் என்று தெரிந்தும் சித்தப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. புதிய கஸ்கெற்றை உறையிலிருந்து எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“ஒண்டு போதுமெண்டுறாய்?”

“ஒண்டுதான் சித்தப்பா.”

“சரி. உன்ர எஞ்சின்.”

அவர் வேலை செய்த கராச்சிலிருந்து ரோர்க் றெஞ்சை இரவல் வாங்கி வந்திருந்தார். 65 முதல் 72 அடி-இறாத்தல் வரை, படிப்படியாக, நடுவிலிருந்து வெளியே. ஒவ்வொரு முறையும் றெஞ்ச் ‘டிக்’ என்று தட்டியதும் அந்த போல்ற்றையே மறுபடி வெறுங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். ஊரில் அவருக்கு முழங்கைதான் ரோர்க் றெஞ்ச்.

இவ்வளவு கவனமாகச் செய்தவர்கள் பிளக் வயரில் சறுக்கினோம். கழற்றும்போது வயர்களுக்கு இலக்கம் ஒட்டவில்லை. பொறி தட்டும் ஒழுங்கு தெரிய வேண்டும். சித்தப்பா, முன்பு ஃபோர்ட் பிக்கப் வைத்திருந்த தன் நண்பர் ஒருவருக்கு ரெலிபோன் எடுத்தார். அவர் மனப்பாடமாக ஒப்பித்தார்: 1-5-4-2-6-3-7-8. பூட்டினோம். ஸ்ராற் பண்ணினோம். எஞ்சின் ஓடியது, ஆனால் நொண்டி நொண்டி ஓடியது. புகைபோக்கி துப்பாக்கிபோல வெடித்தது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவி திரையை விலக்கிப் பார்த்தாள். வெடித்த கணத்தில் நானும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் குனிந்திருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தோம். அதைப்பற்றி எதுவும் பேசவில்லை.

இரண்டு இரவு தேடினோம். கார்பன் இல்லை, கஸ்கெற் இல்லை, வால்வு இல்லை. கடைசியில் நூலகத்தில் எடுத்த பழுதுபார்ப்புப் புத்தகம் சொன்னது, நண்பர் சொன்னது இதே ஐந்து லீற்றர் எஞ்சினின் பழைய வடிவத்துக்கான ஒழுங்கு என்று. மஸ்ராங்கில் வந்த எச்ஓ எஞ்சினுக்கு வேறு காம், வேறு ஒழுங்கு: 1-3-7-2-6-5-4-8. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் எட்டு இடத்தில் நாலு இடம் ஒத்துப்போகும். அதனால்தான் முற்றாகச் சாகாமல் பாதி உயிரோடு ஓடியிருக்கிறது. முழுதும் பிழையாக இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்.

அடுத்தது கருகல் மணம். பி ஹெட்டில் பிளக் பொருந்தும் கோணம் வேறு. புகையை வெளியேற்ற நாங்கள் போட்ட ஹெடர் குழாய்கள் பழைய ஹெட்டுக்காக வளைத்தவை. ஆக, இரண்டு பிளக்கின் ரப்பர் தொப்பிகள் குழாயில் முட்டிக்கொண்டு நின்றன. பத்து நிமிட ஓட்டத்தில் உருகிவிடும். சரியான ஹெடர் வாங்கக் காசில்லை. சித்தப்பா குழாயை மறுபடி கழற்றி, மரக்கட்டையில் வைத்து, முட்டும் இடத்தில் மட்டும் சுத்தியலால் அளவாக அமுக்கிப் பள்ளம் போட்டார். தொப்பிகளுக்குக் கண்ணாடிநார் உறை மாட்டினார். பார்க்க வடிவில்லை. இன்றுவரை எனக்கு அந்தப் பள்ளம்தான் முழு எஞ்சினிலும் பிடித்த இடம்.

இளவேனிலில் பின்னச்சுக்கு 3.73 பல்விகிதம் போட்டோம். முன்பிருந்தது 3.08. அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் இன்னும் கூடுதலாகச் சுழல வேண்டும். கடைசி வேகம் குறையும், புறப்படும் உதைப்பு கூடும். சில்லுகளுக்கு டிராக் ரேடியல் ரயர், தெருவுக்கும் ஆகும், பந்தயத்துக்கும் ஆகும், ஆனால் வெண்ணெய்போலத் தேயும். நூறு இறாத்தல் குறைத்தால் பத்திலொரு விநாடி குறையும் என்பது அங்கே ஓடுகிறவர்களின் வாய்க்கணக்கு. பின் சீற், மேலதிகச் சில்லு, ஜாக், கம்பளம் எல்லாம் சித்தியின் நிலவறைக்குப் போயின. “காசு குடுத்து வாங்கின காரைப் பிச்சு எறிஞ்சுபோட்டு, காசு குடுத்து ஓடப்போயினமாம்” என்று சித்தி தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியாகத்தான் அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை சித்தப்பா முதன்முறையாக டிராக் பாதையைக் கண்டார். வந்து இறங்கியதும் அவர் கேட்டது, “இது ஏர்போட்டோ?” என்று. கேள்வி பிழையில்லை. இரண்டாம் உலகப்போரில் விமானிகளைப் பயிற்றுவிக்கப் போட்ட ஓடுதளம் அது. டிராக் பந்தயத்தின் பிறப்பே அப்படித்தான். 1950இல் கலிபோர்னியாவின் சான்ரா அனாவில் ஒரு விமானநிலையப் பாதையில் காசு வாங்கிப் பொடியங்களை ஓடவிட்டார்கள். அடுத்த வருடம் வொலி பார்க்ஸ் நேஷனல் ஹொட் ரொட் அசோசியேஷனைத் தொடங்கினார். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்த பாதையும் போர்க்கால விமானத்தளம்தான். “பலாலியும் உந்தச் சண்டையில வெள்ளைக்காரன் போட்டதுதான்” என்றார் சித்தப்பா. பலாலியில் யாரும் பந்தயம் ஓடவில்லை என்பதை நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

ஓட முன்னம் காரைச் சோதிப்பார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் வந்து பொனற்றைத் திறக்கச் சொன்னார். பற்றரி இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா, ரேடியேற்றர் வழிந்தால் பிடிக்கப் போத்தல் இருக்கிறதா, சில்லு நட் எல்லாம் இருக்கிறதா, 14 விநாடிக்குக் கீழே ஓடுவதானால் ஹெல்மெற் இருக்கிறதா. அவர் குனிந்து காரின் அடிப்பக்கம் பார்த்தபோது சித்தப்பாவைக் கவனித்தேன். இரண்டடி பின்னுக்குத் தள்ளி, கைகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். சோதனைச்சாவடியில் நிற்கும் நிலை. சிவப்புத் தொப்பிக்காரர் நிமிர்ந்து, நசுக்கிய ஹெடரைக் காட்டி, “இது உங்கள் வேலையா?” என்று சிரித்தார். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் விளங்கியது. சிரிப்புத்தான் விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

நான் மூன்று முறை ஓடினேன். 13.52. 13.44. மூன்றாவதுக்கு முன் நாங்களும் ஓர் ஐஸ் பை வாங்கி வந்து வைத்தோம். வைத்தவர் சித்தப்பாதான், ஈரத்துணி போடுவதுபோல. 13.38, மணிக்கு 104 மைல். ஒரு வருடத்துக்கு முன்பிருந்த காரைவிட ஒரு விநாடிக்கு மேல் மிச்சம். என் ஆசை பன்னிரண்டுகளில் இருந்தது. அதற்குக் காம் மாற்ற வேண்டும், அதற்கு இன்னொரு குளிர்காலம் வேண்டும். சீட்டைப் பார்த்த சித்தப்பா 60 அடி நேரத்தில் விரலை வைத்தார். 2.18.

“உதில ஏன் இவ்வளவு மினக்கெடுறாய்?”

“கிளச்சை விட்டவுடனை ரயர் சுத்துது.”

“கிளச்சை விடுறதெண்டால் என்ன, மாட்டை அவிட்டு விடுறதே? தா ஹெல்மெற்றை.”

ஐம்பத்தேழு வயது. தடுக்க எனக்கு வாய் வரவில்லை. பாதைச் சீட்டு எழுதுகிற பெண் அவருடைய சாரதிப் பத்திரத்தை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினாள்.

வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். தண்ணீர் தெளித்த இடத்தில் ரயரைச் சூடாக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் அரைமனதோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ரயர் வீணாகுதே என்பதுபோல நிறுத்தினார். மெதுவாகக் கோட்டுக்கு ஊர்ந்தார். மேலே இரண்டு சிறு மஞ்சள் விளக்கும் எரிந்தன, கார் ஒளிக்கற்றையில் சரியாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு ஹொண்டா சிவிக். மூன்று மஞ்சள் அரை விநாடிக்கு ஒன்றாக இறங்கின. பச்சை. சிவிக் சீறிக்கொண்டு போனது.

மஸ்ராங் நின்றது.

ஒரு விநாடி. இரண்டு. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். எஞ்சின் நின்றுவிட்டதென்றே நினைத்தேன். பிறகு, கொக்குவில் சந்தியில் பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்புகிற கார்போல, புகையில்லாமல், கீச்சென்று ஒரு சத்தமும் இல்லாமல், முன்பக்கம் சற்றே மேலெழும்பி அது புறப்பட்டது. ரயர் ஓர் அங்குலமும் சறுக்கவில்லை. கிளச் எங்கே பிடித்தது என்று சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கியர் மாற்றுவதில் ஆறுதல் மன்னன். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு தேநீர் குடித்திருக்கலாம்.

திரும்பி வந்தபோது சீட்டை என்னிடம் நீட்டினார், பார்க்காமலே. புறப்பட எடுத்த நேரம் 2.614 விநாடி. 60 அடி 1.97. கால் மைல் 13.19. வேகம் 102 மைல்.

இரண்டு முறை படித்தேன். கடிகாரம் பச்சையில் தொடங்குவதில்லை, முன் சில்லு ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் தொடங்கும். எனவே அவர் சும்மா நின்ற இரண்டரை விநாடி ஓட்டக் கணக்கில் இல்லை. சிவிக்கோடு பந்தயம் என்று பார்த்தால் அவர் படுதோல்வி. காரின் நேரம் என்று பார்த்தால், கடைசி வேகம் என்னைவிடக் குறைவாக இருந்தும், முதல் அறுபது அடியில் மிச்சம்பிடித்ததை வைத்து என்னை அடித்துவிட்டார். துளி எரிபொருளும் சிந்தாமல் காரைக் கிளப்பிப் பழகிய கால்.

“பச்சை வந்து எவ்வளவு நேரம் நிண்டனீங்கள் தெரியுமோ? என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?”

“ஒயில் பிரஷர் பாத்தனான்.”

“பச்சை எரியேக்கையோ?”

ஹெல்மெற்றைக் கழற்றி, வேர்த்த தலையைத் துடைத்துக்கொண்டு, ஐஸ் பையைத் தேடினார்.

“பச்சை எங்கை போகப்போகுது?”